மாடி ஜன்னல் மணப்பெண்

கோ தெலியாங்கைப் பற்றி எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் "நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம்" என்பார்கள். வாய் நீளமில்லாமல் அவன் பிழைப்பு எப்படி நடக்கும்? ஊர் சுற்றிக் காட்டுவது அவன் தொழில். வெளியூர்க்காரர்கள், வெளிநாட்டுக்காரர்கள் என்று ஒரு கூட்டத்தைத் தினமும் பின்னால் இழுத்துக்கொண்டு தைவானில் எங்கள் தைனான் ஊரின் பழைய சந்துகளில் நடப்பான். கையில் நீளமாக ஒரு கம்பு, நுனியில் மஞ்சள் கொடி, கொடிக்குக் கீழே பஞ்சு அடைத்த துணி மீன் ஒன்று தொங்கும். அந்த மீனைத் தைத்துக் கொடுத்தவள் நான்தான். பால்கெண்டை. பார்க்கிறவர்கள் சுறா என்கிறார்கள், என் தையல் அப்படி.

சந்து முனையில் இருப்பது என் கஞ்சிக்கடை. இருட்டு பிரிவதற்கு முன் அடுப்பு மூட்டினால் மதியத்துக்குள் பானை காலியாகிவிடும். பிறகு வாசலில் உட்கார்ந்து மறுநாளைக்கு மீனில் முள் எடுப்பேன். பால்கெண்டை போல முள் மிகுந்த மீன் வேறு கிடையாது. அதனாலோ என்னவோ என் பேச்சிலும் முள் உண்டு என்பார்கள். இருக்கட்டும், குத்தவேண்டிய இடத்தில்தான் குத்துவேன்.

காலையில் தெலியாங் கஞ்சி குடிக்க வருவான். ஐம்பதைத் தாண்டியவன், கல்யாணம் கட்டாதவன், ஊரின் அந்தக் கோடியில் தன் அக்கா வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தான். அவன் வந்தால் என் கடையில் வியாபாரம் மந்தமாகிவிடும், ஏனென்றால் முந்தின நாள் கதையைக் கேட்க உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

கொரியாவிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்திருந்தார்களாம். கல்யாணத் தெய்வத்தின் கோயிலில் சிவப்பு நூல் கொடுப்பார்கள், துணை தேடுகிறவர்கள் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார்கள். அந்த ஆள் ஏதோ கைக்குக் கட்டுகிற கயிறு என்று நினைத்து, சாமிக்கு முன்னால் பயபக்தியோடு கும்பிட்டு ஒன்று வாங்கிவிட்டான். அது எதற்கு என்று பெண்டாட்டிக்குத் தெரிந்ததும் கோயில் வாசலிலேயே ரகளை.

"நூலைத் திருப்பிக் குடுத்தா சாமி வாங்குமா அண்ணேனு அவன் என்னைக் கேக்கறான். நான் என்னத்த சொல்ல? சாமிகிட்ட போயி, ஐயா, இவனுக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, அதையே சமாளிக்க முடியலை, மன்னிச்சிருங்கனு நான்தான் கும்பிட்டேன்."

இன்னொரு நாள் ஒரு பெரியவரைக் காணோம் என்று சந்து சந்தாகத் தேடினான். கடைசியில் அவர் முடிதிருத்தும் கடை நாற்காலியில் சாய்ந்து, காது குடையக் கொடுத்துவிட்டு, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு அம்மாள், ஒரு கடை வாசலில் சாமிக்குப் படைத்த மேசையிலிருந்து ஆரஞ்சு ஒன்றை எடுத்து உரித்தே விட்டாள், இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து. தெலியாங் பதறிப்போய்க் கடைக்காரரிடம் கை கூப்பினான். அவர் நிதானமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஊதுபத்தி எரிஞ்சு முடிஞ்சிடுச்சா? அப்ப சாமி சாப்ட்டாச்சு. உக்காரச் சொல்லு, இன்னொண்ணு எடுத்துக்கட்டும்" என்றாராம்.

இப்படிப்பட்ட மனுஷனை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடித்திருந்தது. கஞ்சியில் மீன் வயிற்றுத் துண்டு ஒன்று கூடுதலாகப் போடுவேன்.

ஆனால் அவன் கூட்டத்துக்கு என்ன சொல்கிறான் என்பது மட்டும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதற்குக் காரணமும் நானேதான். ஆரம்பத்தில் இடுப்பில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டே வருவான். மத்தியானம் கண்ணசர முடியவில்லை என்று சண்டை போட்டு அதை நிறுத்த வைத்தேன். அதன்பிறகு சட்டைக் காலரில் சின்னதாக ஒரு மைக், கூட்டத்தில் ஒவ்வொருவர் காதிலும் ஒரு காதுக்கருவி. அவன் உதடு அசையும், அவர்கள் சிரிப்பார்கள், எங்கள் காதில் ஒரு சொல் விழாது. நிம்மதி என்று நினைத்தேன்.

அவன் நடை நாலு மணிக்குக் கோயிலடியில் தொடங்கும், பொழுது சாய்கிற நேரத்தில் எங்கள் சந்தின் கடைசி வீட்டுக்கு எதிரே முடியும். அது பாவ்யுன் அக்காவின் வீடு. ரயில் பெட்டி போல நீளமான பழைய வீடு. முன்பக்கம் கடை, அது எங்கள் சந்துப் பக்கம் பார்க்கும். பின்பக்கம் சமையலறை, அது சந்தைத் தெருவைப் பார்க்கும். மாடியில் மரச்சட்டம் போட்ட இரண்டு ஜன்னல்கள். அவள் புருஷன் முன்கடையில் பஞ்சு மெத்தை தைத்தார். அவர் போன பிறகு சைக்கிள் பழுது பார்க்கிற ஒருவர் வாடகைக்கு இருந்தார், அவரும் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். முன்பக்கத் தகரக் கதவு அன்றைக்கு இறங்கியதுதான். பாவ்யுன் அக்கா பின்வாசல் வழியாகப் போய் வருவாள், பெரும்பாலும் மாடியிலேயே இருப்பாள். எழுபதை நெருங்கியவள், ஒற்றை ஆள்.

போன கோடையில் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். காலையில் விழுந்தவளை மத்தியானம் எரிவாயு உருளை கொண்டுவந்தவன்தான் பார்த்துத் தூக்கினான். எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மீன் நிறைய வந்திருந்தது, நான் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எலும்பு முறியவில்லை. ஆனால் தாய்சுங்கில் இருக்கிற மகன் வெய்செங் ஓடிவந்தான். வந்தவன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்.

"முன்கடையில யாராவது குடியிருந்தா இருங்கம்மா. கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆள் வேணும். குளிர்கால மாவுருண்டைப் பண்டிகைக்கு வருவேன். அதுவரைக்கும் யாரும் வரலைனா, வீட்டைப் பூட்டிட்டு என்னோட வந்துடணும். அப்பாவோட படத்தையும் பூசைமாடத்துப் பேர்ப்பலகையையும் கையோட எடுத்துட்டுப் போயிடலாம்."

அவன் சொன்னதில் குற்றம் இல்லை. ஆனால் பாவ்யுன் அக்காவுக்கு மகனின் பதினாலாவது மாடி வீட்டை நினைத்தாலே மூச்சு முட்டும். "அங்க ஜன்னலைத் திறந்தா காத்துதான் இருக்கு, தெரு இல்லை" என்பாள். அவளுக்குத் தெரு வேண்டும். அதற்கு முன்கடையில் ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஆள் வராமல் இல்லை. முதலில் முடி அலங்காரம் செய்கிற ஒரு பெண் வந்தாள், சுவரைத் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், கண்ணாடி மாட்டுகிற இடம்கூடக் குறித்தாள். மறுநாள் போன் செய்து, கதவு பார்க்கிற திசை தன் ராசிக்கு ஒத்துவரவில்லை என்றாள். பிறகு காப்பிக்கடை வைக்க ஓர் இளம் ஜோடி வந்தது. இரண்டே நாளில் அந்தப் பையனின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டதாம். அதற்கடுத்து வந்த குடை வியாபாரி காரணமே சொல்லவில்லை, பழக்கூடை ஒன்றை வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுப் போய்விட்டார். எங்கள் ஊரில் யாரும் மூஞ்சிக்கு நேரே சொல்ல மாட்டார்கள். பழக்கூடை வந்தால் முடிந்தது என்று அர்த்தம்.

"எனக்கே ஏதோ நேரம் சரியில்லை போல" என்று பாவ்யுன் அக்கா அந்தப் பழத்தில் எனக்கும் இரண்டு கொடுத்தாள். நானும் வாங்கித் தின்றேன், அறிவு கெட்டவள்.

குளிர் தொடங்கிய ஒரு சாயங்காலம் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். தெலியாங்கின் கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்து, கழிப்பறை எங்கே என்று கேட்டாள். தைப்பேக்காரி. உள்ளே அனுப்பினேன். போகும்போது காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தவள், வந்த அவசரத்தில் அதை மறந்துவிட்டு ஓடிவிட்டாள். கையைக் கழுவிக்கொண்டு அதை எடுத்துக்கொண்டு போனேன். போகிற வழியில், இதில் அப்படி என்னதான் கேட்கிறது என்று காதில் வைத்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சும்மா ஓர் ஆசைதான்.

தெலியாங்கின் குரல் என் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசியது. கடையில் பேசுகிற குரல் இல்லை, வேறு குரல்.

"இப்ப யாரும் சத்தம் போடாம மெதுவா மேல பாருங்க. இடது பக்க ஜன்னல். உள்ள சிவப்பா ஒரு வெளிச்சம் தெரியுதா? இந்த வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருந்துது. மாப்பிள்ளை கப்பல்ல போனவன், திரும்பலை. கல்யாணத்துக்குக் குறிச்ச நாளன்னிக்குச் சிவப்புப் பட்டு உடுத்தி, முகத்துக்குப் பவுடர் போட்டு, அந்த ஜன்னலுக்கு நேர் மேல இருக்கற விட்டத்துல... வேண்டாம், குழந்தைங்க இருக்காங்க. அன்னிலேர்ந்து இந்த வீட்டுல யாரும் குடியிருக்க முடியலை. விளக்கு மட்டும் எரியுது. யார் ஏத்தறாங்கனு யாருக்கும் தெரியாது."

யாருக்குத் தெரியாது? அது பாவ்யுன் அக்கா வீட்டுப் பூசைமாடத்து விளக்கு. இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் முன்னோர் பலகைக்கு முன்னால் எரிகிற அதே சிவப்பு விளக்கு. அவன் வீட்டிலும் எரியும்.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் திரைக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ அசைந்தது. கூட்டம் மொத்தமும் வீறிட்டது. பாவ்யுன் அக்கா தலைக்குக் குளித்து வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டு, கொசு வருகிறது என்று ஜன்னலைச் சாத்தினாள். போன்கள் மேலே உயர்ந்து படம் பிடித்தன.

குடை வியாபாரியின் பழக்கூடை அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அவன் சட்டையைப் பிடிப்பதற்குள் அவன் கொடியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு பஸ்ஸுக்குப் போய்விட்டான். காதுக்கருவி என்னிடமே தங்கிவிட்டது.

மறுநாள் காலை அவன் வழக்கம்போல வந்து உட்கார்ந்தான். கஞ்சிக் கிண்ணத்தை வைத்தேன். உள்ளே கஞ்சி இல்லை, காதுக்கருவி இருந்தது.

"என்னக்கா இது, முள்ளு எடுக்க மறந்துட்டீங்களா" என்று சிரித்தான்.

"முள்ளு இனிமேதான் வரும். அந்தக் கடைசி வீட்டுல தொங்கறது யாரு?"

அவன் முகம் சுருங்கியது. "அது... சும்மா ஒரு கதைக்கா. நடை முடியற இடத்துல எல்லாரும் கால் வலியில இருப்பாங்க. ஒண்ணும் சொல்லாம முடிச்சா சப்புனு இருக்கும். அடுத்த தெரு வழிகாட்டி ஒருத்தன் ஒரு கிணத்தை வெச்சுக்கிட்டு என்னமா கதை விடறான். எனக்கு ஒரு பூட்டின வீடு கெடச்சுது. யாரும் இல்லாத வீடுதானே, யாருக்கு என்ன நஷ்டம்?"

"யாரும் இல்லைனு உனக்கு யார் சொன்னா?"

"கதவு திறந்தே நான் பாத்ததில்லையே." பிறகு குரலைத் தாழ்த்தி என் பக்கம் குனிந்தான். "அக்கா, உங்ககிட்ட சொல்றேன், வெளியில சொல்லாதீங்க. முதல்ல கதைதான் கட்டினேன். அப்புறம் அவளை என் கண்ணாலயே பாத்துட்டேன். ஒரு தடவை இல்லை. வெள்ளையா, ஜன்னல்கிட்ட நின்னு, எங்களையே பாப்பா. ஒருநாள் கையை அசைச்சா. எனக்கு அன்னிக்குக் காய்ச்சலே வந்துடுச்சு."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவன் தானே ஒன்றை இருட்டாக்கிவிட்டு அதில் தானே அரண்டிருக்கிறான். கோபத்தில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததில் இன்னும் கோபம் வந்தது.

"எழுந்திரு. அந்தப் பேய் உன்னை விசாரிக்கணுமாம்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்தைத் தெரு வழியாகப் பின்வாசலுக்குப் போனேன். கடையைப் பார்த்துக்கொள்ளும்படி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்களிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

பாவ்யுன் அக்கா கதவைத் திறந்தாள். வெள்ளைத் துண்டு கழுத்தில் கிடந்தது. தெலியாங் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். ஆனால் அவளுக்கு அவனைப் பார்த்ததில் முகமெல்லாம் மலர்ச்சி.

"அட, மீன் கொடிக்காரத் தம்பி. உள்ள வா, உள்ள வா. தினமும் உன்னை மேலேருந்து பாக்கறேன். என் பழைய ஜன்னலைக் காட்டத்தானே அவ்வளவு பேரைக் கூட்டிட்டு வர்றே? எங்க வீட்டுக்காரர் அந்த மரச்சட்டத்தைத் தானே இழைச்சார். ஒருநாள் கைகூடக் காட்டினேன், நீ கவனிக்கலை."

அவ்வளவு நீள வாய்க்காரன் வாயடைத்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நானே சொல்லட்டுமா என்று கேட்டதும் தலையை ஆட்டி மறுத்தான், தானே சொன்னான். ஒன்றையும் ஒளிக்கவில்லை. கப்பலையும் சொன்னான், பட்டையும் சொன்னான், விட்டத்தையும் சொன்னான்.

பாவ்யுன் அக்கா கழுத்துத் துண்டை எடுத்து மடித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆசை.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டாள்.

"பேரா? பேர் எதுவும் வைக்கலைம்மா."

"ரெண்டு வருஷமா என் வீட்டுல தொங்க விட்டிருக்கே. ஒரு பேர் வைக்கத் தோணலியா உனக்கு?"

அவன் தலை குனிந்தான். பிறகு அவள் தன் பாட்டுக்குச் சொல்வதுபோல, குடை வியாபாரி, முடி அலங்காரக்காரி, காப்பிக்கடை ஜோடி என்று ஒவ்வொருவராகச் சொன்னாள். மகன் வரப்போகிற நாளையும் சொன்னாள். தெலியாங்கின் கண் கலங்கிவிட்டது. "இன்னிக்கே மாத்திச் சொல்லிடறேன்மா, இன்னிக்கே" என்றான்.

சொன்னான். அன்று சாயங்காலம் நானும் ஒரு காதுக்கருவியை வாங்கி மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு நின்றேன், அவனை நம்பாமல்தான். "இந்த வீட்டுல பேய் கெடையாது. ஓர் அம்மா குடியிருக்காங்க. அது பூசை விளக்கு" என்றான். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டது. "அப்படித்தானே சொல்லச் சொல்லியிருப்பாங்க" என்றான் ஒருவன். "வீட்டை விக்கணும்ல" என்றாள் இன்னொருத்தி. இன்னொருவன் போனை நீட்டினான், போன வருஷம் யாரோ போட்ட படம், வெள்ளைத் துண்டோடு பாவ்யுன் அக்கா. கீழே ஆயிரம் பேர் ஐயோ அம்மா என்று எழுதியிருந்தார்கள். பொய் சொன்னபோது பாதிப் பேர்தான் நம்பினார்கள். உண்மையைச் சொன்னதும் மொத்தப் பேரும் பேயை நம்பிவிட்டார்கள்.

அதைவிடக் கொடுமை, கிணற்றுக் கதைக்காரனும் இப்போது அந்த வீட்டுக்கு ஆட்களைக் கூட்டிவந்தான். அவன் கதையில் அக்கா தங்கை என்று இரண்டு மணப்பெண்கள்.

உருண்டைப் பண்டிகை நெருங்கிவிட்டது. பாவ்யுன் அக்கா துணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். புருஷன் இழைத்த ஜன்னல் சட்டத்தை ஒருநாள் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். போகிறவள் எதற்குத் துடைக்கிறாள்? எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை தெலியாங்கைக் கடையில் பிடித்தேன்.

"நீ குடி போ."

"எங்க?"

"முன்கடைக்கு. உன் அக்கா வீட்டு மாடியில என்ன சொத்து வெச்சிருக்கே? ஒரு பாய், ஒரு பெட்டி, அந்தக் கொடி. பேய் வீட்டுக்கு வேற யாரும் வர மாட்டாங்க. நீதான் வரணும்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "அக்கா, எனக்குப் பயமா இருக்கு."

"அதான் பாவ்யுன் அக்கானு தெரிஞ்சுபோச்சே."

"வெள்ளையா தெரிஞ்சது அவங்க. சரி. ஆனா நான் ரெண்டு வருஷமா தினமும் அந்த வாசல்ல நின்னு ஒருத்தியைக் கூப்பிட்டிருக்கேன். செத்தவங்க ஊர் சுத்த வர்ற ஏழாம் மாசத்துலகூட நிறுத்தலை. போக்கிடம் இல்லாதது எதுவாச்சும் கேட்டுட்டு, நம்மளைத்தான் சொல்றாங்கனு வந்து உக்காந்திருந்தா?"

சிரிக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. ஏழாம் மாதத்தில் நானே பேய் என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டேன், 'நல்ல அண்ணன்மார்' என்றுதான் சொல்வேன். எங்களில் யாரைக் கேட்டாலும் அவன் பயம் நியாயம் என்பார்கள். ஆனாலும் விடவில்லை.

"பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும். கூப்பிட்டவன் நீ. சோறு போட்டு அனுப்ப வேண்டியவனும் நீதான்."

அப்படித்தான் அது நடந்தது. ஒரு நல்ல நாள் பார்த்து, மத்தியான வெயிலில், முன்கடைத் தகரக் கதவைத் தூக்கி, வாசலில் ஒரு மேசை போட்டான். சோறு, கோழி, பழம், எரிக்கிற காகிதப் பணம். கீழே ஒரு பேசினில் தண்ணீர், புதுத் துண்டு, சீப்பு. பெண் என்பதால் முகப்பவுடரும் உதட்டுச் சாயமும் வாங்கி வந்திருந்தான். சாயம் வாங்கிய கடையில் என்ன நிறம் என்று கேட்டபோது வெட்கப்பட்டுக் கல்யாண நிறம் என்றானாம். சந்தே கூடிவிட்டது. ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டான்.

பாவ்யுன் அக்கா உள்ளேயிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "நிக்க வெச்சா சாப்பாடு போடுவே? ரெண்டு வருஷமா என் வாசல்ல நிக்கறா, பாவம்" என்று மேசைக்குப் பக்கத்தில் போட்டாள்.

சாப்பிட்டாயிற்றா என்று கேட்க அவன் இரண்டு காசைச் சுண்டிப் போட்டான். இரண்டும் ஒரே பக்கம் விழுந்தன. இன்னும் சாப்பிடுகிறாள் என்று அர்த்தம். மறுபடி போட்டான், மறுபடியும் அப்படியே. "கோழி நல்லாருக்கு போல" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். கடைசியில் ஒரு பூவும் ஒரு தலையுமாக விழுந்ததும் அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கவேண்டும். அன்றைக்கே பாயும் பெட்டியும் வந்துவிட்டன.

சந்தில் சில நாக்குகள் சும்மா இருக்கவில்லை. பேய்க் கதை கட்டி வாடகையைக் குறைத்துக்கொண்டான் என்றார்கள். பாவ்யுன் அக்கா ஒரு காசும் குறைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். "அந்தப் பொண்ணுக்கும் சேர்த்து வாங்கணும், விட்டுட்டேன்" என்றாள்.

பண்டிகையன்று வெய்செங் காரோடு வந்தான். முன்கதவு திறந்திருந்ததைப் பார்த்துத் திகைத்து உள்ளே வந்தான். நாங்கள் மூவரும் சமையலறையில் இருந்தோம். பாவ்யுன் அக்கா மாவு பிசைய, நான் உருண்டை பிடிக்க, தெலியாங் சர்க்கரைத் தண்ணீரைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"இவர் யாரு?"

"முன்கடைக்குக் குடிவந்தவர்" என்றாள் அவன் அம்மா. "ஆள் வந்தாச்சு. நான் இருக்கேன்."

வெய்செங் உட்காரவில்லை. "அம்மா, நான் அதுக்காக மட்டும் வரலை. போன வாரம் எங்க ஆபீஸ்ல ஒருத்தன் போன்ல ஒரு வீட்டைக் காட்டினான். தைனான்ல பேய் வீடாம். பாத்தா நம்ம ஜன்னல். உள்ள நிக்கறது நீங்க. என்னால அதைத் தாங்க முடியலை. எவன் இதைக் கிளப்பி விட்டான்னு மட்டும் தெரிஞ்சா..."

பாவ்யுன் அக்கா என்னைப் பார்த்தாள், நான் மாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் சுகமாக முடிந்துவிடும். தெலியாங் கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"நான்தான் தம்பி" என்றான்.

வெய்செங்குக்கு முகம் சிவந்துவிட்டது. "இவனையா வீட்டுக்குள்ள விட்டிருக்கீங்க? உங்களைப் பேயாக்கி ஊரெல்லாம் வித்தவனையா? பெட்டியை எடுங்கம்மா. இப்பவே கிளம்பலாம்."

பாவ்யுன் அக்கா கையில் ஒட்டியிருந்த மாவை நிதானமாக உருட்டி எடுத்தாள்.

"நான் கீழ விழுந்த அன்னிக்கு எரிவாயுக்காரன் வராம இருந்திருந்தா, நீ எப்ப தெரிஞ்சுக்கிட்டிருப்பே? ஞாயித்துக்கிழமைதான் நீ போன் பண்ற நாள். இதோ இவ, பக்கத்துலயே இருக்கா. மீன் நிறைய வந்தா என்னை மறந்துடுவா. ரெண்டு வருஷமா, மழையானாலும் வெயிலானாலும், தினமும் என் வாசல்ல நின்னு நிமிந்து என் ஜன்னலைப் பாத்தது இவன் ஒருத்தன்தான். பேய்னு நெனச்சுத்தான் பாத்தான். ஆனா பாத்தான்."

எனக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தாள், முகத்துக்கு நேரே, பழக்கூடை எதுவும் இல்லாமல். எனக்குச் சுருக்கென்றது, கையில் இருந்த உருண்டை நசுங்கிவிட்டது. தெலியாங் திரும்பிக்கொண்டு அடுப்பைப் பார்த்தான், அவன் தோள் குலுங்கியது.

"உருண்டை மேல வந்துடுச்சு, எல்லாரும் உக்காருங்க" என்றாள் பாவ்யுன் அக்கா.

வெய்செங் உட்கார்ந்தான். முதல் கிண்ணத்தை மாடிக்குக் கொண்டுபோய் அப்பாவின் பலகைக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து, அடுத்ததைத் தான் சாப்பிட்டான். கிளம்பும்போது தெலியாங்கிடம் அவன் பேசவில்லை, தன் போன் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தான். கார் வெறுமையாகத்தான் திரும்பியது. இப்போது அவன் புதன்கிழமையும் போன் செய்கிறான்.

தெலியாங்கின் நடை இப்போதும் அந்த வீட்டு எதிரில்தான் முடிகிறது. மேலே யார் இருக்கிறார்கள் என்று கூட்டம் கேட்டால், "என் வீட்டுக்கார அம்மா. டிவி தொடர் பாத்துட்டிருக்காங்க" என்கிறான், பாவ்யுன் அக்கா கை காட்டுகிறாள். நானும் சாயங்காலம் முள் எடுத்து முடித்ததும் சந்தின் கடைசிவரை நடந்து போய், ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வருகிறேன்.